இன்றைய கிறிஸ்தவ இளைஞர்களிடம் தாழ்மையும் உண்மையான விசுவாசமும் இருக்கின்றனவா?

கேள்வி கேட்டவர் கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "எல்லாம் மேடை, மைக், ரீல்ஸ் என்று ஆகிவிட்டதே, முழங்கால் போடுகிற பிள்ளைகள் எங்கே?" ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நிற்கும் பெரியவர்கள் வாய்க்கு வாய் சொல்வதும் இதுதான். சில வருடங்களுக்கு முன்புவரை நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

நான் தூத்துக்குடி மாவட்டத்துக்காரன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. பத்தொன்பது வயதில் கோயிலில் கீபோர்டு வாசித்தேன். ஒரு கன்வென்ஷன் கூட்ட நோட்டீசில் 'இன்னிசை: பாடகர் குழு' என்று மட்டும் போட்டுவிட்டு என் பெயரை விட்டுவிட்டார்கள். மூன்று ஞாயிறு கோயில் பக்கமே போகவில்லை. வீட்டில் காய்ச்சல் என்று சொன்னேன். அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள், அதையும் குடித்தேன். அப்போது ரீல்ஸ் கிடையாது, நோட்டீஸ் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் சபையில் ஒரு பையன் இருக்கிறான். எப்போதும் கையில் போன். பாட்டுப் பாடினால் வீடியோ, கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போனால் வீடியோ. 'ரீல்ஸ்காரன்' என்றுதான் நாங்கள் சொல்வோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் கொட்டிய மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். ஏரல் பக்கம் கடைக்குள், வீட்டுக்குள் எல்லாம் தண்ணீர். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் வாலிபர் சங்கப் பிள்ளைகள் கிளம்பினார்கள். நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். வெள்ளச் சேறு வீட்டுக்குள் முழங்கால் உயரம் நிற்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும். வாளி வாளியாக அள்ளித்தான் வெளியே கொட்ட வேண்டும். அந்தப் பையன் போனை எடுத்தான். 'ஆரம்பிச்சிட்டான்' என்று நினைத்தேன். அவனோ வீட்டு வாசலில் நின்று அந்த அக்காவிடம், "வீடியோ எடுக்கலாமாக்கா? சென்னையில உள்ளவங்களுக்கு அனுப்பினா பாய், போர்வை ஏதாவது வரும்" என்று கேட்டான். அந்த அக்கா வேண்டாம் என்றார். வீடு கிடக்கிற கோலத்தை ஊர் பார்க்க வேண்டாமே என்று இருந்திருக்கும். அவன் "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டான், வாளியை எடுத்தான். சாயங்காலம் வரை போன் வெளியே வரவில்லை. மறுநாள் வேறு தெருவில் சம்மதித்தவர்கள் வீட்டை எடுத்துப் போட்டான். அதைப் பார்த்துத்தான் முதல் லோடு பாய் வந்தது. அந்த வீடியோவில் அவன் முகம் எங்கேயும் இல்லை.

அதே வாரம் பெரியவர்கள் தரப்பிலிருந்து அரிசிப் பை வந்தது. நல்ல அரிசிதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் பை மேல் கமிட்டி உறுப்பினர்கள் பெயர் வரிசையாக அச்சடித்திருந்தது. கொடுக்கும்போது வாங்குகிறவரை கேமராப் பக்கம் திருப்பி நிறுத்தி ஒரு போட்டோ. வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று வேதத்தில் இருக்கிறது. இங்கே ஊருக்கே தெரிந்தது. 'ஆண்டவரே, நான் அந்த ரீல்ஸ் பிள்ளைகளைப் போல இல்லாததற்காக ஸ்தோத்திரம்' என்று இத்தனை நாள் மனசுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்த, இயேசுவின் கதையில் வரும் அந்தத் தற்பெருமைக்காரப் பரிசேயன் நான்தான் என்று எனக்கு உறைத்தது.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும், இது சில பேருக்குப் பிடிக்காது. 'தாழ்மை' என்ற சொல்லை நம் சபைகளில் பிள்ளைகளின் வாயை அடைக்கத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். சேகரக் கமிட்டித் தேர்தல் (ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகளின் நிர்வாகக் குழுவுக்கு நடப்பது) வந்தால் சாதிக்கணக்குப் போடுகிறோம், கோர்ட் வரைக்கும் போகிறோம். "ஏன் இப்படி?" என்று ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண் வாலிபர் கூடுகையில் எழுந்து கேட்டால், "பிள்ளைக்குத் தாழ்மை இல்லை" என்று முடித்துவிடுகிறோம். அடங்கிப்போவதும் தாழ்மையும் ஒன்றா?

எங்கள் பக்கத்து ஆள் ஒருவரையே சொல்கிறேன். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்க முன்னால் நின்றபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கையில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பொறுப்பை விட்டுவிட்டு, தெலுங்கு கற்றுக்கொண்டு, இன்றைய தெலங்கானாவில் இருக்கும் தோர்ணக்கல் பக்கத்துக் கிராமங்களில் ஊழியம் செய்யப் போனார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. அந்த மனுஷன்தான் 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் எழுந்து நின்று, வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து, தியாகம் எல்லாம் செய்கிறீர்கள், எங்களுக்கு நண்பர்களாக இருங்கள் என்று கேட்டார். பலருக்கு முகம் சுளித்தது. இரண்டு வருடம் கழித்து ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். கிராமத்துக்குப் போனதை மட்டும் தாழ்மை என்று சொல்லி, மேடையில் கேட்டதைத் திமிர் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, விசுவாசம்? அதை அளக்க நான் யார். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். எங்கள் காலத்தில் சாட்சி சொல்லச் சொன்னால் எல்லோரும் ஒரே சாட்சியைச் சொன்னோம்: பாவியாக இருந்தேன், கூட்டத்துக்கு வந்தேன், மாறினேன், ஸ்தோத்திரம். இப்போது பிள்ளைகள், "எட்டு மாசமா ஜெபிக்க முடியல, ஆனாலும் வந்திருக்கேன்" என்கிறார்கள். அப்பாவின் புற்றுநோய்க்கு ஜெபித்தும் சுகமாகவில்லை என்று ஒருத்தி சொன்னாள். சொல்லிவிட்டு, அடுத்த பாட்டுக்கு எழுந்து நின்றாள். இதைக் கேட்டு முன்வரிசையில் ஒருவர் தலையை ஆட்டி வருத்தப்பட்டார், விசுவாசக் குறைவாம். எனக்கென்னவோ, என் பத்தொன்பது வயது சாட்சியைவிட இதில் பொய் குறைவு என்று பட்டது.

எல்லாப் பிள்ளைகளும் இப்படி என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக் கையை உயர்த்தியபடியே, கேமரா எங்கே இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்க்கிறவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்தால் எனக்குக் கஷாயம் ஞாபகம் வரும். விட்டுவிடுவேன்.

போன அசனப் பண்டிகையில், அதாவது சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்தில், சோறும் கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு பந்தல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் கிளம்பியாயிற்று. பின்பக்கம் குழாயடியில் அந்தப் பையன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடிப்பிடித்த பெரிய அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். கவிழ்த்துத் தண்ணீர் ஊற்ற ஆள் பத்தவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான்.

"அண்ணே, சும்மாதான இருக்கீங்க? அந்தக் காதைப் பிடிங்க."