தோட்டத்து அறைக்குத் தண்ணீர்க் குழாயும் கழிவறையும் போட முடியுமா? முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

தாராளமாகப் போடலாம். ஆனால் குழாய்க் கடைக்குக் கிளம்புவதற்கு முன் ஓர் அளவு எடுத்துவிடுங்கள். அறையின் தரைக்கும், கழிவு போய்ச் சேரவேண்டிய சேம்பரின் (செப்டிக் டேங்குக்கு முன்னால் உள்ள சிறு தொட்டி) வாய்க்கும் உயரத்தில் எத்தனை இன்ச் வித்தியாசம்? அந்த ஓர் எண் தெரியாமல் டைல்ஸ், பேசின் என்று எதற்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். உள்ளே வருகிற தண்ணீருக்கு மேல்டேங்க் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, எப்படியாவது வந்துவிடும். வெளியே போகிற தண்ணீருக்கு வாட்டத்தை, அதாவது குழாயின் சரிவை, விட்டால் வேறு துணை இல்லை. இதை நான் ஒரே கொல்லையை இரண்டு தடவை தோண்டித் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமத்தில். வாசலில் நுழைந்தால் கொல்லைவரை ஒரே நீளமாகப் போகும் பழைய வீடு. கொல்லைக் கோடியில் இருந்த மாட்டுக் கொட்டகையை, மாடுகளைக் கொடுத்த பிறகு அப்பா சுவர் எழுப்பி அறையாக்கினார். அவர் காலமான பிறகு அம்மா அங்கேயே படுக்க ஆரம்பித்தார். வேப்பமரத்துக் காற்று, ஜன்னலைத் திறந்தால் வாழை. வீட்டுக்குள் வா என்றால் வரமாட்டார். மூட்டுவலிக்காரர். ராத்திரி இரண்டு தடவை டார்ச் எடுத்துக்கொண்டு வீட்டுக் கழிவறைக்கு நடப்பார். ஓர் ஐப்பசி மழையில் துவைக்கிற கல் பக்கத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. மறுவாரமே ஆளைக் கூப்பிட்டேன்.

வந்த பிளம்பர் கொல்லையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வாட்டமெல்லாம் கண்ணுக்கே தெரியுது தம்பி, ஒரு வாளி சேத்து ஊத்துனா தன்னால போயிடும்" என்றார். நானும் நம்பினேன். 4 இன்ச் பைப், இந்தியன் டாய்லெட், பள்ளம் வெட்டி மூடி நாலே நாளில் வேலை முடிந்தது. நாலாம் மாதம் அடைத்தது. குச்சி விட்டுக் குத்தினோம், திரும்ப அடைத்தது. அடுத்த ஐப்பசியில் செப்டிக் டேங்க் நிரம்பியபோது, வீட்டுக் கழிவெல்லாம் அந்தக் குழாய் வழியே அம்மாவின் பாத்ரூமுக்கு ஏறி வந்தது. அதை அம்மாவே விளக்குமாறு எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாம் தடவை பக்கத்து ஊர்க் கொத்தனார் ஒருவர் வந்தார். கையில் 20 மீட்டர் ட்யூப் மட்டம் மட்டும்தான். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்க்குள் தண்ணீர் நிரப்பியது. இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். நடுவில் காற்றுக் குமிழி இருந்தால் அளவு பொய்யாகிவிடும் என்று, விரலால் சுண்டிச் சுண்டி ஒவ்வொரு குமிழியாக வெளியேற்றினார். அதற்கே கால் மணி நேரம். பிறகு ஒரு முனையை அறையின் தரையில் அவர் பிடிக்க, மறுமுனையை சேம்பர் பக்கத்தில் ஊன்றிய குச்சியோடு சேர்த்து நான் பிடித்தேன். தண்ணீர் மேலும் கீழும் ஆடி, மெல்ல அடங்கி நின்றது. நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். அங்கிருந்து சேம்பர் வாய்வரை டேப் வைத்தால் 20 இன்ச்.

அவர் அந்த இடத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். 4 இன்ச் கழிவுக் குழாய்க்கு 10 அடிக்கு 3 இன்ச் வாட்டம் நல்லது, 2 இன்ச்சுக்குக் குறையக் கூடாது. எங்களுக்கு தூரம் 52 அடி. அப்படியானால் சுமார் 16 இன்ச் வேண்டும். கையில் 20 இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இந்தியன் டாய்லெட்டின் ட்ராப்பும் (தண்ணீர் தேங்கி நின்று வாயுவைத் தடுக்கும் வளைவு) பெண்டும் தரைக்கு அடியில் உட்காரும். அதிலேயே 12 இன்ச் போய்விட்டது. மிச்சம் 8 இன்ச்சை 52 அடிக்கு இழுத்திருந்தார்கள். போதாக்குறைக்குப் பள்ளத்தைக் கண் மதிப்பில் வெட்டியதால் நடுவில் குழாய் தொய்ந்து, அங்கே எப்போதும் கழிவு தேங்கியே கிடந்திருக்கிறது. எங்கள் கொல்லை பின்பக்கத்து வாய்க்காலை நோக்கிச் சரிவது. அறை சரிவில், செப்டிக் டேங்க் மேட்டில். கண்ணால் பார்த்தபோது தெரிந்த வாட்டம் நிஜம்தான், ஆனால் அது எதிர்த்திசை.

பாத்ரூம் தரையை ஒரு அடி உயர்த்திவிடலாம் என்றார்கள். மூட்டுவலிக்காரருக்குப் படியா என்று நான் மறுத்துவிட்டேன். கொத்தனார் சொன்ன வழி வேறு. தரையில் இறங்கும் டாய்லெட்டுக்குப் பதில், பின்பக்கச் சுவர் வழியாகக் கழிவு வெளியேறும் வெஸ்டர்ன். கடையில் 'பி ட்ராப்' என்று கேட்டு வாங்க வேண்டும்; 'எஸ் ட்ராப்' என்றால் அதுவும் தரைக்குள்தான் இறங்கும். இந்த ஒரு மாற்றத்தில் 16 இன்ச் வாட்டம் முழுசாகக் கிடைத்துவிட்டது. முதல் 20 அடிக்குக் குழாய் மண்ணுக்கு மேலே வந்தது. அதற்குச் செங்கல் தாங்கு கொடுத்து, இரண்டு பக்கமும் கட்டி, மேலே பலகைக்கல் போட்டு மூடினோம். வெயில் நேராகப் பட்டால் பிவிசி நாளடைவில் மொரமொரத்து உடையும், அதற்கும் பாதுகாப்பு. இப்போது அந்தத் திட்டு மேல்தான் அம்மாவின் துளசித் தொட்டியும் கற்றாழைத் தொட்டியும் இருக்கின்றன. சாயங்காலம் அதில்தான் உட்கார்ந்து பூத்தொடுக்கிறார்.

குளிக்கிற தண்ணீரை இந்தக் குழாயில் சேர்க்கவே இல்லை. அது தரை ட்ராப்பிலிருந்து தனிக்குழாயில், கொல்லையின் சரிவோடு வாழைக்குப் போகிறது. நம் வீடுகளில் கிணற்றடித் தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போனது காலங்காலமாக இருந்த ஏற்பாடு. செப்டிக் டேங்குக்கும் பாரம் குறையும். எங்கள் மண் களிமண், மழைக்காலத்தில் ஒரு சொட்டு உறிஞ்சாது; அந்தச் சுமையைக் குறைத்ததே பெரிய விஷயம்.

புதிதாகவே செப்டிக் டேங்க் கட்டுவதாக இருந்தால் கிணறு, அடிபம்பு, போர் எங்கே என்று பாருங்கள். கழிவுநீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சுகுழி, குடிநீர் எடுக்கும் இடத்திலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி தள்ளி இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பக்கத்து வீட்டுக் கிணறும் இந்தக் கணக்கில் சேர்த்தி. பாதாளச் சாக்கடை உள்ள ஊர் என்றால் நகராட்சியில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பழைய டேங்கோடு இணைப்புக் கொடுக்க மூடியைத் திறந்ததும், உதவிக்கு வந்த பையன் சட்டையைக் கழற்றி உள்ளே இறங்கத் தயாரானான். "அஞ்சு நிமிஷம்தான் அண்ணே, உள்ளேருந்து ஓட்டை போட்டுடுறேன்" என்றான். கையைப் பிடித்து நிறுத்தினேன். உள்ளே தேங்கும் விஷவாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்றப் போகிறவரும் பல நேரம் பிழைப்பதில்லை. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவசியமும் இல்லை. டேங்குக்கு முன்னால் உள்ள சேம்பரிலேயே இணைப்புக் கொடுத்துவிடலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம். சேம்பர் இல்லையா, வெளியே ஒன்று கட்டச் சொல்லுங்கள். டேங்கைச் சுத்தம் செய்யவேண்டும் என்றால் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். வேலைக்கு வருகிறவர் தானாகவே இறங்குகிறேன் என்றாலும் விடாதீர்கள்.

இனி தண்ணீர் வரும் குழாய். வீட்டு மாடி டேங்கிலிருந்து அறைவரை 1 இன்ச் குழாயாகவே கொண்டுவந்து, உள்ளே வந்த பிறகு முக்கால், அரை என்று குறையுங்கள். முழு நீளமும் அரை இன்ச் போட்டால் கையில் சொட்டும். அழுத்தம் டேங்கின் உயரத்தால் வருவது. நீளமான, ஒடுங்கிய குழாய் அதைத் தின்றுவிடும். 10 அடி உயரத்துக்குச் சுமார் 4 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு), அவ்வளவுதான். குழாயடிக்கும் வாளிக்கும் போதும். ஷவரில் ஜோராகக் கொட்டவேண்டும் என்றால் பிரஷர் பம்ப் வைக்க வேண்டும். வீட்டுப் பக்கம் ஒரு வால்வு கட்டாயம், கொல்லையில் எங்காவது உடைந்தால் வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணீரை நிறுத்தும்படி ஆகக்கூடாது. வெந்நீருக்குச் சாதா பிவிசி கூடாது, சூடு தாங்கும் சிபிவிசி போடுங்கள். எர்த்தும், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் இல்லாமல் கீஸர் மாட்டாதீர்கள்.

பள்ளத்தை மூடும் முன் இரண்டு நாள் திறந்தே விடுங்கள். வரும் குழாயில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். கழிவுக் குழாயின் கீழ்முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். பூமிக்கடியில் ஒரு ஜாயின்ட் கசிந்தால் தென்னை வேரும் முருங்கை வேரும் அதைத் தேடி வந்துவிடும். குழாய்க்கு அடியில் மணல் பரப்பி, டேப்பை நீட்டி வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது கொல்லையில் குழி வெட்டும்போது அந்தப் போட்டோதான் வழிகாட்டும்.

நாற்றம் வருகிறது என்று பலர் சொல்வது, அறை சும்மா கிடக்கும் நாட்களில்தான். ட்ராப்பில் எப்போதும் 2 இன்ச் தண்ணீர் நின்று வாயுவையும் கரப்பானையும் தடுக்கிறது. வெயில் காலத்தில் ஆள் இல்லாத பாத்ரூமில் அது காய்ந்துவிடும். சித்திரையில் அம்மா அக்கா வீட்டுக்குப் போனால் ஒரு மாதம் தங்குவார். அப்போது வாரம் ஒருமுறை நான் போய் தரை ட்ராப்பில் ஒரு சொம்பும் டாய்லெட்டில் ஒரு சொம்பும் தண்ணீர் ஊற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வருவேன். ஊருக்குப் போன அம்மா போனில் முதலில் கேட்பதும் இதைத்தான்: "தண்ணி ஊத்துனியாடா?"