கணினி வடிவமைப்பு லேப்: நடுவில் அளவை மாற்றிப் பாருங்கள்

கேள்வி: பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறை உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். கேட் (கணினியில் பாகங்களை வரையும் CAD மென்பொருள்) லேபில் மாணவர்கள் மேனுவலைப் பார்த்து அப்படியே வரைந்துவிடுகிறார்கள். சொந்தமாக ஒரு பாகத்தை வடிவமைக்கச் சொன்னால் விழிக்கிறார்கள். சிக்கல்வழிக் கற்றலை, அதாவது முதலில் ஒரு நிஜச் சிக்கலைக் கொடுத்து அதன் வழியே பாடம் கற்கவைப்பதை, ஒரே செமஸ்டரில் கொண்டுவர முடியுமா?

பதில்: முடியும். பாடத்திட்டத்தில் கைவைக்கவே வேண்டாம். முதல் நான்கு வாரம் வழக்கம்போல் ஸ்கெட்ச் (கோட்டுப்படம்), எக்ஸ்ட்ரூட் (அதை முப்பரிமாணமாக்குவது), அசெம்ப்ளி (பாகங்களைச் சேர்ப்பது) எல்லாம் சொல்லிக்கொடுங்கள். அப்புறம் ஒரே ஒரு சிக்கல் போதும்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-ல் மருத்துவ மாணவர்களிடம் இந்த முறையைத் தொடங்கியபோது நோயாளியின் தொல்லையைத்தான் முதலில் முன்வைத்தது. பாடம் பிறகு வந்தது. நீங்களும் மாணவர்களை ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போங்கள். பெல்ட் கவர் இல்லாத டிரில்லிங் மெஷின் ஒன்று இருக்கும். அதற்குக் கவர் வடிவமைப்பதுதான் சிக்கல். "ஓடும்போது விரல் உள்ளே போகக் கூடாது, பெல்ட் மாற்றச் சுலபமாகத் திறக்க வேண்டும்." இவ்வளவுதான் சொல்ல வேண்டும், வரைபடம் கொடுக்கக் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அவர்களே வெர்னியர் அளவுகோலால் அளக்கட்டும். எந்தத் தகடு, எப்படி வளைப்பது என்று ஒர்க்‌ஷாப் ஆட்களிடம் கேட்டு வரட்டும்.

சிக்கலைக் கொடுத்த மூன்றாவது வாரம், மோட்டார் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) 100 மி.மீ. அல்ல, 125 மி.மீ. என்று சொல்லுங்கள். அளவுகளை ஒன்றோடொன்று சரியாகப் பிணைத்தவரின் மாடல் ஓரிரு திருத்தத்தில் தானே மாறிக்கொள்ளும். கண்மதிப்பில் வரைந்தவர் முதலிலிருந்து வரைய வேண்டும். மேனுவல் சொல்லித்தராத பாடம் அங்கேதான் கிடைக்கும்.

ப்ராஜெக்ட் சென்டர்களிடம் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். பணம் கொடுத்தால் மாடலும் பைண்ட் செய்த ரிப்போர்ட்டும் கைக்கு வந்துவிடும். ரிப்போர்ட்டின் அழகுக்கு மதிப்பெண் போடாதீர்கள். ஃபைலைத் திறக்கச் சொல்லி ஃபீச்சர் வரிசையை, அதாவது மாடலைப் படிப்படியாக வரைந்த பட்டியலைப் பாருங்கள். இம்போர்ட் என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் அது எங்கிருந்தோ வந்த மாடல். வரிசை முழுதாக இருந்தாலும், உங்கள் கண்ணெதிரே ஒரு துளையை 2 மி.மீ. நகர்த்தச் சொல்லுங்கள். கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டு கமாண்டுகளை ஒப்பிக்கவைத்துச் சான்றிதழ் விற்கும் பயிற்சி மையங்களையும் உள்ளே விடாதீர்கள்.

டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு வரையத் தெரியும். நால்வர் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் போதும், எல்லாவற்றையும் அவரே வரைவார், மற்ற மூவரும் வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களைத் தனிக் குழுவாகப் பிரிக்கத் தோன்றும், பிரிக்காதீர்கள். மற்றவர்களுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்காது. மவுஸை மட்டும் அவர்களிடம் தராதீர்கள். அளப்பது, சரிபார்ப்பது, 'ஏன் இந்த அளவு' என்று கேட்பது அவர்கள் வேலையாக இருக்கட்டும்.

செமஸ்டர் இறுதித் தேர்வில் மூன்று மணி நேரத்தில் ஒரு படத்தைப் பார்த்து வரைந்து பிரிண்ட் எடுக்கச் சொல்வார்கள். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். யோசித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை முறை எடுத்துச் சொல்லியும் இது மாறவில்லை. அதனால் உள்மதிப்பீட்டில் உங்கள் கையில் இருக்கும் மதிப்பெண்ணை முழுதும் அந்த அளவு மாற்றத்துக்கே ஒதுக்குங்கள். எந்த அளவு மாறும் என்பதை முன்கூட்டியே வெளியே விடாதீர்கள். அடுத்த பேட்சுக்குச் செய்தி எப்படியும் போய்விடும். அப்போது புல்லியை விட்டுவிட்டு இரண்டு புல்லிகளுக்கு இடையிலான மைய தூரத்தை மாற்றுங்கள்.