மூடிக்கொள்ளும் பை வாய்க்கு ஒரு வழி

தனி ஆளாகச் சருகு அள்ளும்போது பையின் வாய் மூடிக்கொண்டே இருக்கிறது, இதற்கென்று கருவி ஏதும் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு, சுருட்டிப் பைக்குள் வைக்கும் பிளாஸ்டிக் தகடாக விற்கிறார்கள். எனக்கென்னவோ அதற்குக் காசு கொடுக்க மனம் வராது.

வளைத்தால் உடையாமல், விட்டால் விரியும் தகடு எதுவானாலும் போதும். பையின் உயரத்தைவிட ஒரு சாண் கூடுதலாக இருக்கட்டும். குழல்போல் சுருட்டி உள்ளே இறக்கிக் கையை எடுங்கள். தானே விரிந்து பையோடு ஒட்டி நிற்கும். குச்சியும் முள்ளும் பையைக் குத்தாமல் தகட்டில் உரசிக்கொண்டு இறங்கும். நிறைந்ததும் தகட்டை மேலே உருவிவிடுங்கள். அதற்கு முன்பே மிதித்து அடைத்தீர்களானால் தகடு அசையாது. அழுத்துவதெல்லாம் உருவிய பிறகுதான்.

அடியும் மூடியும் வெட்டிய அட்டைப்பெட்டியும் இதே வேலையைச் செய்யும், ஈரம் பட்டால் ஊறிப்போகும் என்பதுதான் குறை.

குவியல் பெரிதென்றால் பையைப் படுக்கவைத்து, தகட்டின் கீழ் விளிம்பை ஒரு காலால் மிதித்துக்கொண்டு துடைப்பத்தால் உள்ளே தள்ளுங்கள். குனிந்து அள்ள வேண்டியதில்லை. ஈரப்புல்லாக இருந்தால் மட்டும் பாதிப் பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தூக்க இன்னொரு ஆளைத் தேட வேண்டியிருக்கும்.