சோடா ஏன் சப்பென்று இருக்கிறது?

கேள்வி: குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். வயது 56. கண் அழுத்தத்துக்கு அசெட்டசோலமைடு மாத்திரை சாப்பிடுகிறேன். சில நாளாக இரண்டு கை விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் மரமரப்பு. வெயிலுக்குக் குடிக்கும் பன்னீர் சோடாகூட சப்பென்று, தகரம் மாதிரி இருக்கிறது. பக்கவாதம் வரப்போகிறதா டாக்டர்?

பதில்: பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில், சட்டென்று வரும் அம்மா. நீங்கள் சொல்லும் இரண்டும் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் அடிக்கடி பார்ப்பதுதான்.

சோடா சமாசாரம் சுவாரசியமானது. நாம் மூச்சில் விடும் கரியமில வாயுதான் சோடாவிலும் இருக்கிறது. உடம்பில் உண்டாகும் இந்த வாயுவில் சுமார் 70 சதவீதம் ரத்தச் சிவப்பணுக்களுக்குள் தண்ணீரோடு சேர்ந்து பைகார்பனேட்டாக மாறி, நுரையீரலில் மறுபடி வாயுவாகி வெளியேறுகிறது. தானாக நடந்தால் மெதுவாக நடக்கும் இந்த மாற்றத்தை முடுக்கிவிடுவது கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி. 1933இல் கண்டறியப்பட்டது; நடுவில் துத்தநாகம் இருக்கும். இதன் ஒரு மூலக்கூறு நொடிக்குச் சுமார் பத்து லட்சம் கரியமில வாயு மூலக்கூறுகளை மாற்றும். நம்பக் கஷ்டம்தான்!

நாக்கின் புளிப்புச் செல்களிலும் இந்த நொதி உண்டு. சோடா வாயுவை அமிலமாக்கி, அந்தச் சுர்ரென்ற ருசியைத் தருவதில் அதற்குப் பங்கு உண்டு. கண்ணுக்குள் நீர் சுரப்பதற்கும் இதே நொதி வேண்டும். மாத்திரை அதைத் தடுப்பதால்தான் கண் அழுத்தம் குறைகிறது. கூடவே சோடாவும் ருசி இழக்கிறது. மருந்தை நிறுத்தியதும் ருசி திரும்பிவிடும்.

நான் கவனிக்கச் சொல்வது சிறுநீரகத்தை. அங்கேயும் மாத்திரை இதே நொதியைத் தடுக்கிறது; அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் சிறுநீரில் போய்விடுவதால் ரத்தத்தில் அமிலம் சற்றுக் கூடும், பொட்டாசியம் குறையலாம், கல்லும் உண்டாகலாம். அக்னி நட்சத்திர வெயிலில் நம்ம வேலூர் பக்கம் தண்ணீர் குறைவாகக் குடித்தால் கல்லுக்கு இன்னும் வசதி. இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளவாகக் குடிக்கச் சொல்லியிருந்தால் தவிர, நிறையக் குடியுங்கள். பொட்டாசியம், பைகார்பனேட், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பரிசோதனை பற்றிக் கண் மருத்துவரிடம் கேளுங்கள். முன்பு கல் இருந்ததோ, சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாததோ இருந்தால் உடனே சொல்லுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அழுத்தத்தால் பழுதான கண் நரம்பு திரும்ப வராது. உடம்பில் தடிப்பு, மூச்சுத்திணறல், விலாவில் கடும் வலி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ 108ஐ அழையுங்கள்.