ஒழுகுகிற மாடிக்கு என்ன வாங்குவது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் வீடு. மாடி போட்டு 18 வருடம் ஆகிறது, மேலே தட்டோடு பதித்திருக்கிறோம். போன ஐப்பசி அடைமழையில் கூடத்து ஓரத்தில் ஓதம் இறங்கி, கார்த்திகையில் சொட்ட ஆரம்பித்துவிட்டது. வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் பத்து வருடம் கேரன்டி என்கிறார் ஒருவர். தட்டோட்டை மொத்தமாக உடைத்துப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார் இன்னொருவர். மாடிமேல் ஷீட் போட்டுவிடுங்கள் என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூன்று பேரும் அவரவரிடம் இருப்பதை விற்கப் பார்க்கிறார்கள். தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று அவர்களில் யாராவது மாடி ஏறிப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் கோடையிலும் அந்த ஓதம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மழை காரணமில்லை. தண்ணீர்த் தொட்டியோ அதிலிருந்து வரும் குழாயோ கசிகிறது. மழைக்கு மட்டும் வருகிறதென்றால், ஒரு கம்பை எடுத்துக்கொண்டு மாடி முழுக்கத் தட்டோட்டைத் தட்டிக்கொண்டே நடங்கள். நன்றாகப் பிடித்திருக்கிற ஓடு கட்டியான சத்தம் தரும், அடியில் விட்டுப்போன ஓடு ‘டொப்’ என்று கேட்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் குறியுங்கள். தட்டோட்டுக்கு அடியில் போன தண்ணீர் அங்கேயே இறங்காது. செங்கல் ஜல்லிக்குள் ஊறி ஊறி நகர்ந்து, தளத்தில் கீறல் இருக்கும் இடத்தில்தான் சொட்டும். அதனால் கூடத்தில் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே மட்டும் பூசுவது வீண் வேலை.

நீங்கள் சொல்வது கூடத்தின் ஓரம் என்பதால் என் சந்தேகம் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில்தான். வெயிலில் தளம் விரிந்து சுருங்க, அங்கே மயிரிழை போல விரிசல் விடும். மழைநீர்க் குழாயின் வாயையும் பாருங்கள். சுற்றிலும் சிமெண்ட் பெயர்ந்திருக்கும், இல்லையென்றால் வேப்பிலைச் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கி நிற்கும். சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டினால் போதாது, வேரோடு எடுத்துப் பூச வேண்டும்.

இதெல்லாம் தெரிந்த பிறகு, ‘டொப்’ என்ற ஓடுகளை மட்டும் எடுத்துத் திரும்பப் பதித்து, இணைப்புகளைச் சுரண்டிப் பாயிண்டிங் செய்து (இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்து), மூலைகளில் சரிவாகப் பூசச் சொல்லுங்கள். பல வீடுகளில் இதோடு ஒழுகல் நின்றுவிடும். பாதி மாடிக்கு மேல் விட்டுப்போயிருந்தால் உடைக்கச் சொன்னவர் சொன்னது சரி. பெயின்ட் கடைசி வேலை. உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே அடித்து மூடினால் அது கொப்புளித்து உரியும். சித்திரை, வைகாசியில் தளம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, காலை வேளையில் அடிப்பது நல்லது. இன்னொன்று, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்டும் தண்ணீரைத் தடுக்கும் பூச்சும் ஒன்றல்ல. கடையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள், டப்பாவைப் படித்து வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் மீதிப் பணம் கொடுக்கும் முன், குழாய் வாயை அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி ஒருநாள் முழுக்க விட்டுப் பாருங்கள். ஆனால் கூரையின் அடியில் சிமெண்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் இதைச் செய்யவே கூடாது. ஆயிரம் சதுர அடிக்கு ஓர் அங்குலம் என்றால் 2,300 லிட்டருக்கு மேல், எடை இரண்டே கால் டன்னைத் தாண்டும். கம்பி தெரிகிற வீட்டுக்குப் பெயின்ட்காரர் வேண்டாம், பொறியாளரைக் கூப்பிடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் இந்தத் துரு சீக்கிரமே வரும்.

ஷீட் விஷயம்: 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்தபோது உங்கள் பக்கம் ஷீட்டுகள் பறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். போடுவதென்றால் ஷீட்டின் கனத்தை எழுதி வாங்குங்கள், தூண்களைத் தளத்தோடு எப்படிப் பிணைக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். ஷீட் போட்டாலும் அடியில் உள்ள விரிசலைச் சரிசெய்துதான் ஆக வேண்டும்.

கேள்வி: ஐந்து வருட வாரன்டி என்று சொல்லி மாடிக்குப் பூச்சு அடித்தார்கள். இரண்டாவது மழைக்காலத்திலேயே உரிந்துவிட்டது. கம்பெனி அடித்தவரைக் கைகாட்டுகிறது, அடித்தவர் சரக்கைக் குறை சொல்கிறார். — திருவையாறு வாசகர்

பதில்: டப்பாவில் போட்டிருக்கும் வாரன்டி பெரும்பாலும் சரக்குக்கு மட்டும்தான், கூலிக்கு அல்ல. அதனால்தான் இப்படிப் பந்தாடுகிறார்கள். பில், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு, உரிந்த இடத்தின் படம் எல்லாவற்றையும் சேர்த்து இருவருக்கும் ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை வந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டாக வேண்டும். ‘பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்’ என்பதற்கு இனி யாரும் தலையாட்டாதீர்கள். பில்லை விட்டால் ஆதாரத்துக்கு அலைய வேண்டிவரும்.

கேள்வி: கும்பகோணத்தில் தாத்தா காலத்து ஓட்டு வீடு. உடைந்த ஓட்டுக்குப் பதில் பழைய ஓடு வாங்கலாமா?

பதில்: தாராளமாக. இடித்த வீடுகளின் சீமை ஓடு பல இடங்களில் கிடைக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பள்ளம் மாறும் என்பதால், உங்கள் வீட்டு ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அதன்மேல் வைத்துப் பொருந்துகிறதா என்று பாருங்கள். விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், மொத்தையாகக் கேட்டால் உள்ளே கீறல். தேவைக்கு மேல் கொஞ்சம் வாங்கிப் பரணில் போட்டுவையுங்கள், பூனையும் குரங்கும் ஓட்டை நகர்த்தாமல் விடாது. ஓடு பிரிக்கும் அன்றே ரீப்பரையும் (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) சட்டத்தையும் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். கரையான் அரித்திருந்தால் மரத்தை மாற்றிவிட்டு ஓடு ஏற்றுங்கள்.