பிரிஸ்டல் இரவுப் பந்தயம்: கேட்டீர்கள், சொல்கிறேன்

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் ஓரத்தில், வர்ஜீனியா எல்லையை ஒட்டி பிரிஸ்டல் என்று ஓர் ஊர். அங்கே செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு, ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் முதன்மைத் தொடரான கோப்பைத் தொடரின் 500 சுற்றுப் பந்தயம் நடக்கும். சாம்பியன் யார் என்று முடிவாகும் பிளேஆஃப் கட்டத்தில் வருகிற பந்தயம் அது. நான் வட கரோலினாவில் சார்லட் பக்கம் இருக்கிறேன். நாஸ்கார் அணிகளில் பெரும்பாலானவற்றின் பட்டறைகள் எங்கள் ஊரைச் சுற்றித்தான். அங்கிருந்து மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் இந்தப் பந்தயத்தை ஐந்து முறை நேரில் பார்த்திருக்கிறேன். நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு தம்பி: ஸ்டாக் கார் என்றால் ஷோரூமில் விற்கிற அதே காரா அண்ணா?

ஆரம்பத்தில் அப்படித்தான். 1949ல் முதல் பந்தயம் நடந்தபோது கடையில் வாங்கிய காரைத்தான் ஓட்டினார்கள். இப்போது பெயரும் முகஜாடையும் மட்டும்தான் மிச்சம். ஷெவர்லே கமேரோ, ஃபோர்டு மஸ்டாங், டொயோட்டா கேம்ரி மாதிரி தெரியும். உள்ளே முழுக்க பந்தயத்துக்கென்றே செய்த இரும்புக்கூடு. 5.86 லிட்டர் வி8 எஞ்சின்; 2025 வரை 670 குதிரைத்திறன், 2026லிருந்து பிரிஸ்டல் போன்ற சின்னத் தடங்களில் 750. கதவு திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். ஓட்டுநரோடு சேர்த்து ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. ஃபார்முலா ஒன் கார் அதில் பாதிதான் வரும். கனம் அதிகம், பிடிமானம் குறைவு. ஓட்டுவது கடினமாக இருப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

கோவை நண்பர்: கரி ஸ்பீட்வே பார்த்து வளர்ந்தவன் நான். வளைந்து நெளிந்த தடத்தில் ஓட்டுவது திறமை. வட்டமாக இடது பக்கமே திருப்புவதில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். பிரிஸ்டலில் முதல் முறை உட்கார்ந்த பிறகு கேட்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். தடத்தின் நீளம் 0.533 மைல், அதாவது சுமார் 858 மீட்டர். அதில் 36க்கும் மேற்பட்ட கார்கள். வரிசையாகப் பரப்பி நிறுத்தினால் ஒரு காருக்கு 24 மீட்டர்கூடக் கிடைக்காது. ஒரு சுற்றுக்கு 15, 16 விநாடி. சராசரியாக மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம். இப்படி 500 முறை, ஏறக்குறைய மூன்று மணி நேரம்.

திருவிழாவில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். பைக் சுவரில் ஒட்டிக்கொண்டு சுற்றுமே, அதன் தம்பி என்று இந்தத் தடத்தைச் சொல்லலாம். வளைவுகளில் தரை 24 முதல் 28 டிகிரி வரை சாய்ந்திருக்கிறது. நடந்து ஏறினாலே கால் வழுக்கும். அந்தச் சாய்வால்தான் இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு வேகம் முடிகிறது. நேர்ப்பாதை என்று பெயருக்குத்தான் இருக்கிறது. ஓட்டுநர் மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். முகம் துடைக்க நேரமில்லை.

அப்புறம், முதலில் போகிறவருக்கு முன்னால் காலிப் பாதை இருக்கும் என்று நினைக்காதீர்கள். பச்சைக் கொடி காட்டி இருபது முப்பது சுற்றுக்குள் அவர் கடைசி காரின் பின்னால் வந்து நிற்பார். அதன் பிறகு இரவு முழுக்க பின்தங்கிய கார்களுக்கு நடுவே புகுந்து புகுந்து போக வேண்டியதுதான். நெரிசல் நேரத்து காந்திபுரத்தில் யாரும் பிரேக் பிடிக்காமல் போனால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். 2024ல் கைல் லார்சன் 500 சுற்றில் 462 சுற்று முன்னிலையில் இருந்து ஏழு விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். டிவியில் பார்த்தவர்கள் போரடிக்கிறது என்றார்கள். ஒரே ஆள் இரவு முழுக்க நெரிசலைக் கிழித்துக்கொண்டு ஒரு தவறும் செய்யாமல் ஓட்டியதை நான் நேரில் பார்த்தேன். எனக்கு அது அபூர்வமான காட்சி.

சென்னையிலிருந்து: 2024ல் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயம் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் அழகாக இருந்தது. பிரிஸ்டலிலும் அழகுக்காகத்தானா?

முதல் காரணம் வெயில். இந்தப் பந்தயம் பல காலம் ஆகஸ்டில் நடந்தது. 1978ல் விளக்குப் போட்டு இரவுக்கு மாற்றினார்கள். அந்த முதல் இரவுப் பந்தயத்தில் ஜெயித்தவர் கேல் யார்பரோ. மக்களுக்கு அது பிடித்துப்போய், 1982க்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேலாக இந்த அரங்கில் டிக்கெட் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. 2020ல்தான் பந்தயம் செப்டம்பருக்கு நகர்ந்து பிளேஆஃபுக்குள் வந்தது.

அழகும் இல்லாமல் இல்லை. நாலு பக்கமும் கிண்ணம் போல உயர்ந்த கேலரி, நடுவில் ஒளி வெள்ளம். வளைவுக்குள் நுழையும்போது சக்கரத்துக்குள் பிரேக் டிஸ்க் கொல்லன் உலையில் காய்ச்சிய இரும்பு மாதிரி செம்மஞ்சளாக ஒளிரும். பகலில் அதைப் பார்க்க முடியாது.

யாழ்ப்பாணத்து வாசகர்: கிரிக்கெட்டில் பிளேஆஃப் தெரியும். கார் பந்தயத்தில் எல்லாரும் ஒரே தடத்தில் ஓடும்போது பிளேஆஃப் எப்படி?

இது விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம். 2014லிருந்து 2025 வரை இருந்த முறை இது: 26 பந்தயங்கள் முடிந்ததும் 16 ஓட்டுநர்கள் பிளேஆஃபுக்குத் தேர்வாவார்கள். மூன்று பந்தயம் கொண்டது ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் நான்கு பேர் வெளியே. 16, 12, 8, கடைசியில் 4. அந்தக் கட்டத்தில் ஒரு பந்தயம் ஜெயித்துவிட்டால் புள்ளி எவ்வளவு இருந்தாலும் அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம். இறுதிப் பந்தயத்தில் அந்த நால்வரில் யார் முன்னால் வருகிறாரோ அவர் சாம்பியன்.

வெளியேறியவர்களும், தேர்வே ஆகாதவர்களும் தொடர்ந்து ஓட்டுவார்கள். அவர்கள் ஜெயிக்கவும் தடையில்லை. 2022ல் முதல் கட்டத்தின் மூன்று பந்தயங்களையும் பிளேஆஃபில் இல்லாதவர்களே ஜெயித்தார்கள். பிரிஸ்டலில் கிறிஸ் புஷர், கடைசி நிறுத்தத்தில் நான்கு டயருக்குப் பதில் இரண்டு மட்டும் மாற்றி முன்னால் வந்து ஜெயித்தார்.

பிரிஸ்டல் முதல் கட்டத்தின் மூன்றாவது பந்தயமாக இருந்தது. அதாவது நான்கு பேரின் கனவு அன்றிரவு அங்கேயே முடியும். அதனால் அந்த வருடங்களில் நான் எப்போதும் சொன்னது இதுதான்: முதலிடத்தை மட்டும் பார்க்காதீர்கள், புள்ளிப் பட்டியலில் 12ஆம் இடத்தைப் பாருங்கள். பந்தயம் 125, 125, 250 சுற்றுகள் என்று மூன்று ஸ்டேஜாகப் பிரிந்திருக்கிறது. முதல் இரண்டு ஸ்டேஜ் முடியும்போதும் முதல் பத்து பேருக்குப் பத்திலிருந்து ஒன்று வரை புள்ளி உண்டு. பதினோராவது இடத்தில் ஓடுகிற ஒருவர் அந்த ஒரே ஒரு புள்ளிக்காக, முன்னால் போகிறவரின் பம்பரை முட்டிக்கொண்டு போவார். ஏன் இப்படி உயிரைக் கொடுக்கிறார் என்று புரியாமல் பார்த்தால் வெறும் வட்டம். புரிந்து பார்த்தால் உட்கார முடியாது.

இரண்டு முறை சாம்பியனான கைல் புஷ், 2022ல் எஞ்சின் பழுதாகி பிரிஸ்டலில் வெளியேறினார். அதே இரவில் கெவின் ஹார்விக்கும் வெளியே. அடுத்த வருடம், முந்தைய சாம்பியன் ஜோயி லோகானோ முதல் கட்டத்தோடு போனார். பெரிய பெயர் என்று இந்தத் தடம் யாரையும் விட்டுவைத்ததில்லை.

2026லிருந்து விதி மாறியிருக்கிறது: அதே 16 பேர், பத்துப் பந்தயம், இடையில் யாரும் வெளியேறுவதில்லை, மொத்தப் புள்ளிதான் கணக்கு. 2025ல் லார்சன் இறுதிப் பந்தயத்தை ஜெயிக்காமல், அதில் ஒரு சுற்றுகூட முன்னிலையில் இல்லாமல் சாம்பியன் ஆனார். அன்று பெரும்பாலான சுற்றுகள் முன்னால் இருந்த டென்னி ஹேம்லின் கடைசியில் வந்த ஒரு மஞ்சள் கொடியால் (தடத்தில் ஆபத்து என்று எல்லாக் கார்களையும் மெதுவாக்கும் கொடி) கோப்பையை இழந்தார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வருடம் முழுக்க ஓட்டியதற்குக் கணக்கு வேண்டும் என்பதுதான் என் கட்சி. புதிய முறையை மனதார வரவேற்கிறேன். ஆனால் பிரிஸ்டலில் அந்த 12ஆம் இடத்துப் படபடப்பு இனி இருக்காது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

சேலத்திலிருந்து ஒரு தங்கை: வேண்டுமென்றே இடிக்கலாமா? தண்டனை கிடையாதா?

லேசாக முட்டி வழி கேட்பது இந்த விளையாட்டின் மரபு. ஆபத்தாக இடித்துத் தள்ளினால் அபராதம், புள்ளி வெட்டு, தடை எல்லாம் உண்டு. எல்லை எங்கே என்பதில்தான் சண்டை.

பிரிஸ்டலில் இந்தச் சண்டைக்குப் பெரிய பெயர் டேல் எர்ன்ஹார்ட், டெர்ரி லபான்டி. 1995ல் கடைசி வளைவில் எர்ன்ஹார்ட் பின்னாலிருந்து இடிக்க, லபான்டி நொறுங்கிய காரோடு கோட்டைத் தாண்டி ஜெயித்தார். 1999ல் கடைசிச் சுற்றில் எர்ன்ஹார்ட் மறுபடி இடித்தார். இந்த முறை லபான்டியின் கார் சுழன்று நின்றது, எர்ன்ஹார்ட் ஜெயித்தார். அவரைக் கொண்டாடுகிற கூட்டமே எழுந்து நின்று கூச்சலிட்டது. லபான்டியைச் சுழற்றிவிட நினைக்கவில்லை, கொஞ்சம் அசைத்துப் பார்க்கத்தான் நினைத்தேன் என்றார் எர்ன்ஹார்ட்.

பிளேஆஃப் காலத்தில் 2021. ஹார்விக்கும் சேஸ் எலியட்டும் முன்னிலைக்குப் போட்டி போட்டபோது உரசியதில் எலியட்டின் டயர் போனது. டயர் மாற்றித் திரும்பி வந்த எலியட், முன்னிலையில் இருந்த ஹார்விக்குக்கு முன்னாலேயே போய் அவருக்குப் பிடித்த பாதையை அடைத்துக்கொண்டு ஓட்டினார். எலியட்டின் அணித் தோழர் லார்சன் அந்த இடைவெளியில் கடைசிச் சில சுற்றுகளில் முந்தி ஜெயித்துவிட்டார். முடிந்ததும் எலியட்டும் ஹார்விக்கும், டயர் மாற்ற நிறுத்தும் பிட் பாதையில் முகத்துக்கு முகம் நின்று வாக்குவாதம். எனக்கு எலியட்டைப் பிடிக்கும். ஆனாலும் அன்று அவர் செய்தது சரியில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கோபம் ஹார்விக் மேல் என்றால் அவரோடு தீர்த்திருக்கலாம். பந்தயத்தின் முடிவை மாற்றியிருக்கக் கூடாது.

திருச்சி: இவ்வளவு நெருக்கத்தில் பக்கத்தில் யார் வருகிறார் என்று ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்?

முக்கால்வாசி தெரியாது. அரங்கின் கூரைமேல் ஒவ்வொரு காருக்கும் ஸ்பாட்டர் என்று ஒருவர் நிற்பார். ரேடியோவில் இடைவிடாமல் பேசிக்கொண்டே இருப்பார்: உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், கிளியர். முன்னால் விபத்து என்றால் மேலே போ, கீழே போ என்று சொல்வதும் அவர்தான். பிரிஸ்டலில் அரை விநாடி தாமதமானால் கார் குவியலுக்குள் போய்விடும். அரங்கில் ஸ்கேனர் வாடகைக்குக் கிடைக்கும். அதில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். அவசியம் கேளுங்கள்.

கோவை நண்பர் மறுபடியும்: நம் ஆட்கள் யாராவது நாஸ்காரில் ஓட்டியிருக்கிறார்களா?

உங்கள் ஊர்க்காரரே ஓட்டியிருக்கிறார்! நரேன் கார்த்திகேயன் 2010ல், பிக்கப் வண்டிகள் ஓடும் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டினார். வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில்லில் முதல் பந்தயம். அதுவும் பிரிஸ்டல் போல அரை மைல் தடம்தான், ஆனால் சாய்வு குறைவு. 13ஆவதாக முடித்தார். அந்த வருடம் டிரக் தொடரில் ரசிகர்களின் அபிமான ஓட்டுநர் விருதும் அவருக்குத்தான். ஃபார்முலா ஒன்னிலிருந்து வந்து, பழக்கமே இல்லாத கனமான வண்டியில் முதல் நாளே 13ஆம் இடம் என்பது சாதாரணமில்லை.

கோலாலம்பூர்: டயர் பற்றி நிறையப் பேசுகிறார்களே, ஏன்?

பிரிஸ்டலின் தரை 1992லிருந்து கான்கிரீட். கார்கள் ஓட ஓட டயரின் ரப்பர் தரையில் படிந்து பிடிமானம் கூடும். குளிர் அதிகமானால் ரப்பர் படியாமல் தூளாக உதிர்ந்துவிடும். டயர் சீக்கிரம் தேய்ந்து கம்பி தெரியும். 2024 மார்ச்சில் நடந்த பந்தயத்தில் யாரும் எதிர்பார்க்காமல் இது நடந்தது. வேகமாகப் போனவர்கள் டயரை இழந்தார்கள், மெதுவாகப் போய்ப் பாதுகாத்தவர்கள் முன்னால் வந்தார்கள். 2025 இரவுப் பந்தயத்திலும் டயர்தான் கதை. ஜெயித்தது கிறிஸ்டோபர் பெல். ஆக்சிலரேட்டரில் காலை அழுத்துவதைவிட எடுப்பது கடினம் என்பதை அன்று பார்த்தேன்.

ஈரோடு: உயிருக்கு ஆபத்து இல்லையா?

உண்டு. 2001ல் டேடோனாவில் எர்ன்ஹார்ட் இறந்த பிறகு கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி கட்டாயமானது. சுவர்களில் மோதலின் வேகத்தை உள்வாங்கும் தடுப்புகள் வந்தன. அதற்குப் பிறகு கோப்பைத் தொடரின் பந்தயத்தில் யாரும் உயிரிழக்கவில்லை.

நியூஜெர்சியிலிருந்து ஓர் அம்மா: எட்டு வயதுப் பையனை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஆனால் காதுக்கு மூடி இல்லாமல் உள்ளே நுழையவே கூடாது. கிண்ணம் போன்ற அரங்கில் சத்தம் வெளியே போகாமல் சுழலும், நெஞ்சுக்கூடு அதிரும். குழந்தைகளுக்கென்று காதை முழுக்க மூடுகிற ஹெட்ஃபோன் வாங்கி, வீட்டிலேயே ஒரு நாள் போட்டுப் பழக்கிவிடுங்கள். மேல் வரிசையில் டிக்கெட் எடுங்கள், முழுத் தடமும் தெரியும். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று; மலைப்பக்கம், இரவில் குளிரும். ஓட்டுநர்கள் அறிமுகமாகும் நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். இங்கே ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த பாட்டோடு நடந்து வருவார், கூட்டம் கைதட்டும் அல்லது கூச்சலிடும். பையன் அங்கேயே தனக்கென்று ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிடுவான்.

தஞ்சாவூர்: நேரலையாகப் பார்க்க எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்?

அங்கே சனிக்கிழமை இரவு ஏழரைக்குத் தொடங்கினால் நமக்கு ஞாயிறு காலை 5 மணி. எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். முழுக்கப் பார்க்க முடியாவிட்டால் ஏழு மணிக்கு உட்காருங்கள். அப்போது ஏறக்குறைய 350ஆம் சுற்று ஓடிக்கொண்டிருக்கும், டயரெல்லாம் தேய்ந்து கோபமெல்லாம் சேர்ந்திருக்கும் நேரம்.