தோள் ஆபரேஷனுக்குப் பிறகு கையில் பட்டை கட்டிப் பயிற்சி செய்யலாமா?

வாசகர் கேள்விகளுக்கு பிசியோதெரபிஸ்ட் பதில்

கேள்வி: எனக்கு வயது 54. வலது தோளில் கிழிந்த தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) ஆர்த்ரோஸ்கோபி என்ற சிறு துளை ஆபரேஷன் மூலம் தைத்து 7 வாரம் ஆகிறது. ஸ்லிங்கைக் கழற்றிவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தால் வலது கை நன்றாக மெலிந்திருக்கிறது. தோளின் பின்பக்கம் குழி விழுந்த மாதிரி தெரிகிறது. ஜிம்முக்குப் போகும் என் அண்ணன் மகன், “மேல்கையில் இறுக்கமாப் பட்டை கட்டிக்கிட்டு அரைக் கிலோ டம்பெல்லைத் தூக்குங்க சித்தப்பா, ஒரே மாசத்துல சதை வந்துடும்” என்கிறான். அதற்கு பி.எஃப்.ஆர். என்று பெயராம். எங்கள் பிசியோதெரபிஸ்டோ 12 வாரம் முடியும்வரை எடையைத் தொடவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அண்ணன் மகன் சொல்வது வெறும் ஜிம் பேச்சு இல்லை. பிளட் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்‌ஷன் (ரத்த ஓட்டத்தை ஓரளவு தடுப்பது) என்ற இந்த முறையை நானே பலருக்குப் பயன்படுத்துகிறேன். ஜப்பானைச் சேர்ந்த யோஷியாகி சாட்டோவுக்கு 1966-இல் ஒரு பௌத்தச் சடங்கில் நெடுநேரம் மண்டியிட்டு உட்கார்ந்ததில் கெண்டைக்கால் விம்மி மரத்துப்போனது. கடும் பயிற்சிக்குப் பின் வரும் விம்மல் போலவே இருக்கிறதே என்று யோசித்து, தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து அவர் உருவாக்கியதுதான் காட்ஸு பயிற்சி. இன்றைய பி.எஃப்.ஆர். அதிலிருந்து வளர்ந்ததுதான்.

தசை நன்றாகப் பருக்க வேண்டுமென்றால் பொதுவாக, ஒருவரால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற எடையில் 70 சதவீதம் அளவுக்காவது தூக்கச் சொல்வோம். மேல்கையின் உச்சியில் காற்றடைத்த பட்டையைக் கட்டினால் கைக்குள் போகும் ரத்தம் குறைகிறது, திரும்பி வரும் ரத்தம் பெரும்பாலும் தேங்கிவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்து கழிவுகள் சேரும்போது, மெதுவாக இயங்கும் தசை இழைகள் சீக்கிரம் களைத்துவிடும். வழக்கமாகப் பெரிய எடைக்கு மட்டும் எழுந்து வரும் வேக இழைகள் அப்போதே வேலைக்கு வந்துவிடும். அதனால் 20 முதல் 30 சதவீத எடையிலேயே தசை வளர்கிறது. ஆபரேஷன் முடிந்து பெரிய எடை தூக்க முடியாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

இதெல்லாம் தசையின் கதை. உங்களுக்குத் தைத்திருப்பது தசைநாணை. எலும்பில் பதித்த ஆங்கர் என்ற சிறு பிடிப்பானும் நூலும் அதை இப்போதைக்குப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். நாண் எலும்போடு தானாக ஒட்டிப் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும். தைத்த இடம் மறுபடி கிழிவதும் பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். பட்டை கட்டுவதால் அந்த ஒட்டுதல் வேகமாகும் என்பதற்கு நிரூபணம் இல்லை. ஆரோக்கியமான குதிகால் நாண் இந்தப் பயிற்சியில் தடித்ததாக ஆய்வு உண்டு. ஆனால் கிழியாத நாண் வேறு, தைத்த நாண் வேறு. நாண் தன் நாட்களை எடுத்துக்கொள்ளட்டும். தசை கரையாமல் பார்த்துக்கொள்வதற்கு மட்டுமே பட்டை.

அரைக் கிலோ டம்பெல் என்கிறீர்கள். அது அரைக் கிலோவோடு நிற்பதில்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு கை மட்டும் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ இருக்கும். கையைப் பக்கவாட்டில் நீட்டினாலே அத்தனை எடையையும் தைத்த நாணும் தோளும்தான் தாங்க வேண்டும். அதோடு, 20 சதவீதம் என்று கணக்குப் போட ‘முழு பலம்’ எவ்வளவு என்று தெரிய வேண்டுமே. 7 வாரத்தில் அந்தத் தோளின் முழு பலத்தை யாரும் சோதிக்கவே கூடாது. இது லேசான பயிற்சி என்று நம்பி முன்கூட்டியே தொடங்குகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அதிகம் கவலை. பாரத்தைத் தூக்கும்போது உடம்பே எச்சரிக்கும். லேசான எடையை 75 முறை தூக்கும்போது, களைத்துப்போய் தோள் காதை நோக்கி ஏறுவதை நாம் கவனிப்பதில்லை.

அப்படியானால் இப்போது ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும். உங்கள் சர்ஜன் சம்மதித்தால், தோள் அசையாத பயிற்சிகளுக்குப் பட்டையைப் பயன்படுத்தலாம். மேல்கையை விலாவோடு ஒட்டி வைத்து பந்தை அழுத்துவது, மணிக்கட்டை மடக்கி நீட்டுவது போன்றவை. முழங்கையை எடையோடு மடக்கலாமா என்பதற்கு முன், டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் படியுங்கள். தோள் ஆபரேஷனின்போது பைசெப்ஸ் நாணையும் இடம் மாற்றிப் பொருத்துவது உண்டு. அதில் டெனோடெசிஸ் என்று எழுதியிருந்தால் எடையோடு முழங்கையை மடக்கவே கூடாது, சர்ஜன் விடுவிக்கும்வரை. இதை நோயாளிகள் பலரும் அறிந்திருப்பதில்லை. அவர்களிடம் யாரும் சொல்லியிருப்பதும் இல்லை. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் நான் யாருக்கும் பட்டை கட்டுவதில்லை.

12 வாரத்துக்குப் பிறகு, கை நன்றாக உயர்கிறது, வலி அடங்கியிருக்கிறது, சர்ஜனும் சரி என்றால் தோளுக்கான பயிற்சிகள் தொடங்கும். ஆபரேஷன் ஆகாத பக்கம் ஒருக்களித்துப் படுத்து, விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே மடித்த டவலை வைத்து, முன்கையை மட்டும் மேலே திருப்புவது அவற்றில் நல்ல ஒன்று. வழக்கமான அளவு முதலில் 30 முறை, அப்புறம் 15, 15, 15. நடுவில் 30 நொடி ஓய்வு, அப்போதும் பட்டை இறுக்கமாகவே இருக்கும். ஒரு பயிற்சி முடிந்ததும் காற்றை இறக்கிவிட வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். தோள் தூக்கிக்கொண்டால் எண்ணிக்கை முடியாவிட்டாலும் அந்தச் சுற்றை நிறுத்திவிடச் சொல்வேன்.

அந்தக் குழி பற்றி ஒரு வார்த்தை. தோளின் பின்னால் இருக்கும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் தசை மெலிந்தால் அங்கே குழி தெரியும். கிழிந்து வெகு நாள் ஆகியிருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே அது மெலிந்திருக்கலாம். பழைய எம்.ஆர்.ஐ. அறிக்கையில் தசைக்குள் கொழுப்பு படிந்திருப்பதாக எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். படிந்த கொழுப்பு பெரும்பாலும் திரும்பிப் போவதில்லை, எந்தப் பயிற்சியாலும். அப்படி இருந்தால் குழி முழுதாக நிரம்பாது. ஆனாலும் வலி குறைந்து கை உயர்வதற்குத் தடையில்லை.

கேள்வி: பாதிப்பு தோளில், பட்டை கட்டுவது மேல்கையில். பட்டைக்கு மேலே இருக்கும் தசைக்கு ரத்தம் தடைபடவே இல்லையே, அது எப்படி வளரும்?

பதில்: சரியான கேள்வி. தோளைச் சுற்றியுள்ள நான்கு ரொட்டேட்டர் கஃப் தசைகளும் பட்டைக்கு மேலேதான் இருக்கின்றன. தோளுக்கு மேல் பட்டை கட்டவும் வழியில்லை. கீழே உள்ள கைத்தசைகள் சீக்கிரம் களைத்துவிடுவதால் மேலே உள்ளவை கூடுதலாக உழைக்கின்றன என்பது ஒரு விளக்கம். மேல்கையில் பட்டை கட்டி பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து எடையை மார்பிலிருந்து மேலே தள்ளுவது) செய்தவர்களுக்கு மார்புத் தசை வளர்ந்திருக்கிறது, அதற்கு இந்த விளக்கம் பொருந்துகிறது. ஒருக்களித்துப் படுத்துத் திருப்பும் பயிற்சியில் கைத்தசைக்கு அவ்வளவு பங்கில்லை, அதனால் அங்கே அது எனக்கு முழுதாக ஒப்பவில்லை. ஆரோக்கியமானவர்களிடம் செய்த ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் பட்டையோடு செய்தவர்களின் தோள் கூடுதல் பலம் பெற்றது. இன்னொன்றில் பட்டை கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் வித்தியாசமே இல்லை. முன்கையையும் மேல்கையையும் காப்பாற்றத்தான் நான் இதை நம்புகிறேன். தோளுக்கும் கிடைத்தால் சந்தோஷம்.

கேள்வி: வீட்டில் பிபி பார்க்கும் மெஷினின் பட்டையையே பயன்படுத்தலாமா? ஆன்லைனில் எலாஸ்டிக் பட்டைகளும் விற்கிறார்களே?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் கையில் எந்த அழுத்தத்தில் நாடி முழுதாக நிற்கிறது என்பதை ரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்க உதவும் டாப்ளர் கருவியால் கேட்டு, அல்லது அதற்கென உள்ள கருவியால் அளந்து கண்டுபிடிக்க வேண்டும். கைப் பயிற்சிக்கு அதில் 40 முதல் 50 சதவீதம் வைப்பது வழக்கம். இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஒரே கையில்கூட பட்டையின் அகலத்தைப் பொறுத்து மாறும். குறுகிய பட்டைக்கு அதிக அழுத்தம் தேவைப்படும், அது ஒரே இடத்தில் நரம்பை நசுக்கும். எலாஸ்டிக் பட்டையில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று கட்டியவருக்கே தெரியாது. பிபி மெஷின் நாடி நிற்கும் அளவுக்கு ஏற்றிவிட்டு, தானே இறக்கிவிடும். ஓர் அழுத்தத்தைப் பிடித்து வைக்க அது செய்யப்பட்டதில்லை.

முறையாகச் செய்யும்போதும் கை சிவந்து கனக்கும், எரிச்சல் இருக்கும். அது இயல்பு. ஆனால் விரல்கள் வெளுத்துக் குளிர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, தலை சுற்றினாலோ உடனே காற்றை இறக்குங்கள். அடுத்த நாட்களில் கை வீங்கித் தாளாத வலியோடு சிறுநீர் கறுத்த பழுப்பு நிறமாகப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் அபாயம் அது. அரிதுதான், ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62. சில வருடங்களுக்கு முன் இடது மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். இப்போது அதே பக்கத் தோளில் தசைநாண் தைத்திருக்கிறார்கள். அவருக்கு இந்தப் பயிற்சி ஏற்றதா?

பதில்: அந்தக் கையில் வேண்டாம். நிணநீர் வடியும் வழி ஏற்கெனவே குறைந்திருக்கிறது, அதன் மேல் பட்டையை இறுக்கி வீக்கத்தை வரவழைக்கக் கூடாது. ரத்தக் கட்டி வந்தவர்கள், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்த வழி) வைத்தவர்கள், சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் அம்மாவுக்குப் பட்டை இல்லாததால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. தோள்பட்டை எலும்பைப் பின்னோக்கி இழுத்துப் பிடிப்பது, அப்புறம் சர்ஜன் அனுமதித்த வாரத்திலிருந்து சுவரில் கையை மெல்ல அழுத்தி அசையாமல் நிறுத்துவது, அதற்கும் பின்னால் ரப்பர் பேண்ட் என்று வழக்கமான பாதையிலேயே பெரும்பாலோர் தேறுகிறார்கள். கை கனப்பதாகவோ வளையல் இறுகுவதாகவோ அவர் சொன்னால் மட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு, லிம்ஃபெடீமா (நிணநீர் தேங்கி வரும் வீக்கம்) பார்க்கும் தெரபிஸ்டிடம் காட்டுங்கள்.